மாடித் தோட்டம் கேள்வி பதில்: கவாத்துக் கத்தரியை எங்கே வைப்பது?

ஐப்பசி மழையில் செடிகள் மதமதவென்று வளர்ந்து நிற்பதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கவாத்து பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பதில்களைப் படிக்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செடி பூவைப் புதுத் தளிரில் வைக்கிறதா, முதிர்ந்த கிளையில் வைக்கிறதா என்பது தெரிந்தால், எப்போது வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் மாடியில் பெரிய சிமெண்டுத் தொட்டியில் குண்டுமல்லி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செடி மார்பளவு உயரத்துக்குப் புதராக வளர்ந்திருக்கிறது. ஆனால் சென்ற கோடையில் ஒரு முழம் கட்டக்கூடப் பூ கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடியோடு வெட்டச் சொல்கிறார். பனிக்காலத்தில் வெட்டினால் செடி பட்டுப்போகும் என்று மாமியார் தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, திருச்சி)

பதில்: காலத்தைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி; "அடியோடு" என்பது மட்டும் தவறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமே கவாத்துக்கு உரிய காலம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலில் உள்ள செடிகளுக்குத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டும்படி பரிந்துரைக்கிறது. தொட்டியில் வேருக்கு இடம் குறைவு என்பதால் ஒரு முழத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினாலும் பாதகமில்லை. அதற்கும் கீழே போனால் முதிர்ந்த கட்டைதான் மிஞ்சும். அதிலிருந்து துளிர் வருவதற்கு நெடுநாள் ஆகும்.

உங்கள் செடி ஏன் பூக்கவில்லை என்பதற்கான விடை அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல கோடையில் பூத்த மல்லிகைக் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறக் கட்டையிலிருந்து வெளிர்பச்சையாக ஒரு புதுத் தளிர் கிளம்பி, சில ஜோடி இலைகளை விட்டபின் நுனியில் மொட்டுக் கொத்தாக முடிந்திருக்கும். அதாவது பூ என்பது புதுத் தளிரின் முடிவு. எத்தனை புதுத் தளிரோ, அத்தனை கொத்து. மூன்று ஆண்டுகளாக வெட்டப்படாத செடியில் பழைய கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. புதுத் தளிர்கள் உச்சியில் மட்டும் சில வருகின்றன. உள்ளே வெளிச்சம் படாத கிளைகள் இலையையும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கின்றன. செடி பெரிதாகிவிட்டது, பூக்கும் இடங்கள் குறைந்துவிட்டன.

வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் தொட்டியைச் சற்று ஓரமாக நகர்த்தி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மழை விட்ட இரண்டு நாட்களுக்குப் பிறகு வெட்டுங்கள். முதலில் உயரத்தைக் குறைக்காமல் காய்ந்த குச்சிகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததையும், செடியின் உட்பக்கம் நோக்கி வளர்வனவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். அதன் பிறகே மீதமுள்ள கிளைகளை ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றி, எடுத்த எடுப்பில் மேலே மட்டம் தட்டிவிட்டால், வேலை முடிந்ததாகக் கைக்குத் தோன்றிவிடும். உள்ளே இருக்கும் குப்பை அப்படியே இருந்துவிடும். கடைசியாக, எஞ்சிய இலைகளையும் உருவிவிடலாம். மொட்டைக் குச்சிகளாக நிற்பதைப் பார்க்கும்போது உங்கள் மாமியாருக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அவரது அச்சத்துக்குக் காரணமில்லை. நம் சமவெளியின் மார்கழிப் பனி மல்லிகையைக் கொல்லும் பனி அல்ல. அந்த மாதங்களில் செடி எப்படியும் பெரிதாகப் பூக்காமல் ஓய்வில்தான் இருக்கும். ஓய்வில் இருக்கும்போது வெட்டினால்தான், வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில் தளிரெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

வெட்டியபின் மேல்மண்ணை வேர் அறாமல் இரண்டு மூன்று அங்குலம் கிளறி, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி சேர்த்து மண்ணை மூடுங்கள். துளிர் தெரியும்வரை அளவாகத் தண்ணீர் விட்டால் போதும். இலையில்லாத செடி அதிகத் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றும் நீர் தொட்டியிலேயே தேங்கி வேரை அழுகச் செய்துவிடும். கோடையில் ஒரு பூவெடுப்பு முடிந்ததும், பூத்து முடித்த நுனிகளை ஓரிரு ஜோடி இலைகளோடு கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று விரைவாக வரும்.

இதே கடிதக் கட்டில் முல்லையையும் பிச்சியையும் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டையும் 45 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மூன்றும் மல்லிகைக் குடும்பம் என்பதற்காக ஒரே நாளில் கத்தரியோடு போய் நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஏன் வருகிறது என்று யாரும் விளக்குவதில்லை. செடியை வெட்டாமலே, வளைத்துக் கட்டினாலும் கிளை வரும் என்கிறார்கள். என்னிடம் பீப்பாயில் வளரும் கொய்யா இருக்கிறது. அதை வெட்டுவதா, வளைப்பதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தண்டின் ஒவ்வொரு கணுவிலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், ஒரு சிறு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழவிடாமல் தடுப்பது உச்சியில் வளரும் நுனி. நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழேயுள்ள மொட்டுகள் உறக்கம் கலைவதில்லை. 1930களில் திமன், ஸ்கூக் என்னும் இரு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் பக்க மொட்டுகள் எழவில்லை. அன்றிலிருந்து இதுவே பாடப்புத்தக விளக்கமாக இருந்துவந்தது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு இதில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. வேகமாக வளரும் நுனி, இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தானே இழுத்துக்கொள்கிறது. நுனியை அகற்றியதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. மொட்டின் முதல் அசைவுக்கு அதுவே காரணம், ஆக்சின் குறைவதன் விளைவு அதற்குப் பின்னரே வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். தோட்டக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. சத்தும் இலையும் குறைந்து நலிந்திருக்கும் செடியில் நுனியைக் கிள்ளிப் பயனில்லை. பங்கிடுவதற்கு அங்கே சர்க்கரையே இருக்காது. செடி செழிப்பாக இருக்கும்போதுதான் கிள்ள வேண்டும்.

வளைத்துக் கட்டுவதும் இதே தத்துவந்தான். நிமிர்ந்து நிற்கும் கிளையைப் படுக்க வைத்தால், மற்ற மொட்டுகளைவிட நுனி உயரத்தில் இருக்கும் நிலை மாறிவிடுகிறது. நுனியின் ஓட்டம் தளர்கிறது. கிளையின் மேற்புறத்தில் உள்ள மொட்டுகள் வரிசையாக எழுகின்றன. கொய்யாவுக்கு இது மிகவும் பொருந்தும். காரணம், கொய்யா தன் பூவை அந்தந்தப் பருவத்துப் புதுத் தளிரில், இலை இடுக்குகளில் வைக்கிறது. எனவே எவ்வளவு தளிர்களை எழுப்புகிறீர்களோ அவ்வளவு காய்ப்பிடம் உண்டாகும். நிமிர்ந்து வளரும் கிளைகளை வளைத்துத் தரையில் அடித்த முளைக்குச்சிகளில் கட்டுவதை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கொய்யாவுக்குப் பரிந்துரைக்கிறது. மாடியில் தரை இல்லை என்பதால் பீப்பாயின் விளிம்பில் துளையிட்டு அதில் கயிற்றைக் கட்டுங்கள்.

செய்யும் முறையையும் சொல்கிறேன். சுண்டுவிரல் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரையுள்ள கிளைகளே வளையும்; அதற்கு மேல் முற்றியதைத் தொடாதீர்கள், அடியில் கிழிந்துவிடும். மழைக்காலத்தில் கிளையில் நீரோட்டம் நன்றாக இருக்கும்போது வளைப்பது எளிது. ஒரு கையால் கிளையின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நடுப்பகுதியை மெல்ல இறக்குங்கள். "மொறுக்" என்று மெலிதாக ஓசை கேட்டால் அத்தோடு நிறுத்தி, அந்த அளவிலேயே கட்டிவிட்டு, மீதியை ஒரு வாரம் கழித்து இறக்குங்கள். கம்பியோ நைலான் கயிறோ வேண்டாம். பழைய வேட்டிக் கிழிசலைப் பட்டையாகக் கிழித்து, கிளை பருப்பதற்கு இடம்விட்டுத் தளர்வாக முடிச்சுப் போடுங்கள். கிளை ஏறத்தாழ படுத்த நிலையில் இருக்க வேண்டும், ஆனால் நுனி அடியைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால், வளைவின் உச்சியில் ஒரே ஒரு முரட்டுக் கிளை செங்குத்தாகக் கிளம்பி மொத்தச் சத்தையும் எடுத்துக்கொண்டுவிடும். அப்படிக் கிளம்பியது கண்ணில் பட்டால் அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

வெட்டுவதா, வளைப்பதா என்ற கேள்விக்கு என் கருத்து: இரண்டும் செய்யலாம், ஒரே மாதத்தில் வேண்டாம். இப்போது வளைத்துக் கட்டுங்கள். காய்ப்பு முடிந்தபின் பிப்ரவரி, மார்ச்சில், சென்ற பருவத்து நுனி வளர்ச்சியில் 10 முதல் 15 செ.மீ. மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டுங்கள். செப்டம்பர், அக்டோபரிலும் இதே வெட்டைத் திரும்பச் செய்யலாம்.

கேள்வி: யூடியூபில் பார்த்துத் தக்காளிச் செடியில் இலை இடுக்குகளிலிருந்து வந்த கிளைகளையெல்லாம் கிள்ளிவிட்டேன். வீடியோவில் காட்டியவருக்குக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. எனக்குச் செடிக்கு ஐந்தாறு காய்களோடு நின்றுவிட்டது. (வாசகர், சேலம்)

பதில்: அவர் வளர்த்த தக்காளி வேறு, நீங்கள் வளர்த்த தக்காளி வேறு. தக்காளியில் இரு வகைகள் உண்டு. ஒன்று, தண்டு ஓரளவு வளர்ந்ததும் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும் புதர் வகை. மற்றொன்று, நுனி ஓயாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும் கொடி வகை. பசுமைக்குடிலில் கயிறு கட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றுவது கொடி வகை. அதில் பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு ஒன்று அல்லது இரண்டு தண்டுகளாக வளர்த்தாலும் காய் குறையாது, ஏனென்றால் தலைத்தண்டு புதிதுபுதிதாகக் கொத்துகளை வைத்துக்கொண்டே போகும். நம் நர்சரிகளில் வயலுக்கென்று விற்கும் நாற்றுகளில் பெரும்பாலானவை புதர் வகை. அவற்றுக்குப் பக்கக் கிளைதான் காய்ப்பிடம். அதைக் கிள்ளினால் காயைக் கிள்ளியதாகவே ஆகும். அடுத்த முறை விதை உறையில் வகை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், செடியில் இரண்டு மூன்று கொத்துகள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். தலைத்தண்டு ஒரு கொத்தோடு நின்றுவிட்டால் புதர் வகை.

புதர் வகையிலும், முதல் பூங்கொத்துக்குக் கீழே மண்ணை உரசிக்கொண்டிருக்கும் இலைகளையும் கிளைகளையும் எடுத்துவிடலாம். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து அவற்றின் வழியாகத்தான் இலைக்கருகல் மேலே ஏறுகிறது. அதற்கு மேல் உள்ள இலைகளைத் தொடாதீர்கள். நம் வெயிலில் இலை மறைவு இல்லாத காய்களின் தோள்பட்டையில் வெளிறிய திட்டு விழுந்து, தோல் காகிதம்போல் ஆகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் காய் பழுக்க வெயில் போதவில்லையே என்று இலையை உருவுகிறார்கள். அந்தக் கவலை நமக்கு இல்லை.

இன்னொன்று. கிள்ளும் கை சுத்தமாக இருக்க வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு தக்காளியையோ மிளகாயையோ கிள்ளக் கூடாது. புகையிலைத் தேமல் வைரஸ் பதப்படுத்திய புகையிலையிலும் உயிரோடிருந்து, விரல் வழியாகக் காயம்பட்ட தண்டுக்குள் போய்விடும். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, நலமாக உள்ள செடியில் தொடங்கி, சந்தேகத்துக்குரிய செடியைக் கடைசியில் தொடுவதே முறை.

கேள்வி: சுரைக்கொடி பந்தல் முழுவதும் படர்ந்துவிட்டது. பூக்கள் எல்லாம் ஆண் பூக்கள். "3ஜி கட்டிங்" செய்தால் நூற்றுக்கணக்கில் காய்க்கும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: அடிப்படை உண்மை, நூற்றுக்கணக்கு என்பது விளம்பரம். சுரையில் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூக்களே வருகின்றன. அதன் பக்கக்கொடிகளிலும், பக்கக்கொடியின் பக்கக்கொடிகளிலும் பெண் பூக்களின் பங்கு கூடுகிறது. தாய்க்கொடியை ஒரு முறையும் அதன் கிளைகளை மறுமுறையும் கிள்ளி மூன்றாம் தலைமுறைக் கொடிக்குப் போவதற்குத்தான் அந்தப் பெயர். மூன்றாம் தலைமுறையைத் தாங்குவதற்குக் கீழே வேர் இருக்கிறதா என்பதை யாரும் சொல்வதில்லை. வளர்ப்புப் பையில் உள்ள கொடி சில காய்களைத்தான் ஒரே நேரத்தில் பெருக்க வைக்க முடியும். அதற்கு மேல் வரும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. அடுத்த முறை விதைக்கும்போது, பந்தல் உயரம் வரை தண்டில் வரும் பக்கக்கொடிகளை நீக்கிவிட்டு ஒற்றைக் கொடியாக ஏற்றுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். அங்கிருந்து வரும் கொடிகளை நாலா பக்கமும் பிரித்து விடுங்கள். இப்போதுள்ள கொடிக்கு, பந்தலின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் நுனிகளைக் கிள்ளிவிட்டாலே இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் தெரியும். தழைச்சத்து மிகுந்தாலும் ஆண் பூக்களும் இலையும்தான் பெருகும் என்பதால் சாணக் கரைசலையும் பிண்ணாக்குத் தண்ணீரையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பனிக்காலத்தில் பகல் குறைந்து இரவு குளிரும்போது பெண் பூக்கள் தாமாகவே கூடும்.

பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்பு மட்டும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் தவறவிடுவது நேரத்தை. சுரையின் வெள்ளைப் பூ மாலையில் மலர்வது. அதற்கு மகரந்தம் கொண்டுவருவது பெரும்பாலும் அந்திப் பூச்சிகள். நான்காவது மாடியில் அவை வராமலும் போகலாம். அப்போது, விளக்கு வைக்கும் நேரத்தில் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்து, பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தொட்டு எடுங்கள். பீர்க்கைக்கும் மாலை நேரமே. பரங்கிக்கும் பாகலுக்கும் காலை நேரம். பாகலுக்கு இந்த நுனி கிள்ளும் கவலையெல்லாம் அவ்வளவாகத் தேவையில்லை. அது தானாகவே கிளைத்துத் தள்ளிவிடும்.

கேள்வி: வீட்டு வாசலில் விதைத்த செடிமுருங்கை ஒற்றைத் தண்டாக மாடி உயரத்துக்குப் போய்விட்டது. காய் எட்டவில்லை. காற்றுக்கு ஆடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கைகளில், விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில், செடி 75 செ.மீ. வளரும்போதே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நகத்தால் கிள்ளும் வேலை அது. அப்போது விட்டதைத்தான் இப்போது அரிவாளால் செய்ய வேண்டியிருக்கிறது. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் தண்டை வெட்டிவிடுங்கள். மறுதாம்பில், அதாவது வெட்டிய தண்டு மீண்டும் துளிர்க்கும்போது, நான்கைந்து கிளைகள் வந்து, சில மாதங்களில் எட்டும் உயரத்தில் காய்க்கும். முருங்கைக் கட்டை மென்மையானது, நீர் கோத்தால் அழுகும். எனவே வெட்டுவாய் சாய்வாக இருக்கட்டும். அடைமழை நாட்களில் வெட்ட வேண்டாம். மரம் தெருப்பக்கமோ மின்கம்பியின் பக்கமோ சாய்ந்திருந்தால் காய்ப்பு முடியக் காத்திருக்காதீர்கள். மேல் பாதியையாவது இப்போதே, ஆள் வைத்து, கயிறு கட்டி இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ரோஜாவைக் கவாத்து செய்தால் வெட்டிய இடத்திலிருந்து கருத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. இரண்டு செடிகள் போய்விட்டன. (வாசகி, ஓசூர்)

பதில்: நுனிக்கருகல் நோய்தான். வெட்டுக்காயத்தின் வழியாகப் பூஞ்சணம் இறங்குகிறது. கருப்பு எதுவரை போயிருக்கிறதோ அதற்கும் கீழே, குறுக்கு வெட்டில் தண்டின் உள்பக்கம் வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டுங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் ஒரு கணு கீழே போங்கள். வெட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டிலிருந்து விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். மொட்டுக்கு மேல் நீளமாகக் குச்சியை விட்டால் அது காயும். காய்ந்ததில்தான் நோய் குடியேறும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியின் அலகைச் சானிடைசர் நனைத்த துணியால் துடையுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை வெட்டாமல் நசுக்குகிறது. நசுங்கிய பட்டையும் கருகும்.

வெட்டுவாயில் போர்டோ பசை என்னும் பூஞ்சணக்கொல்லியைத் தடவுங்கள். கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 25 கிராமை 125 மி.லி. தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கரையுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 25 கிராமை மற்றொரு கிண்ணத்தில் அதே அளவு தண்ணீரில் கரையுங்கள். இரண்டையும் மூன்றாவது கிண்ணத்தில் கலக்கினால் வான நீலத்தில் குழம்பாக வரும். இரும்பு, பித்தளைப் பாத்திரங்கள் கூடாது. பளபளக்கும் இரும்புக் கத்தி நுனியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தடவி முடித்துவிட வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கிண்ணங்களைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு தண்டு வீறுகொண்டு கிளம்பினால், அது உங்கள் ரோஜா அல்ல, வேர்ச்செடி. மண்ணை விலக்கி, அது தோன்றிய இடத்திலேயே பிய்த்து எடுங்கள். பாதியில் வெட்டினால் அது இரண்டாகக் கிளைத்து மேலே உள்ள ஒட்டை மூழ்கடித்துவிடும். நோயில்லாத செடிகள் கவாத்துக்குப் பின் ஆறேழு வாரங்களில் பூத்துவிடும்.

கேள்வி: கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாக நிற்கிறது, உச்சியில் மட்டும் இலை. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இலையை உருவிப் பறிக்கும் வீடுகளில் எல்லாம் இதே கதைதான். இணுக்காகப் பறிக்காமல், கிளையின் நுனியோடு ஒடித்துப் பறியுங்கள். ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளைகள் வரும். ஒரு மீட்டர் உயரத்தில் தலையை வெட்டி, அடியிலிருந்து ஐந்தாறு கிளைகளை வளரவிடுங்கள். இலைக்காக வளர்ப்பதால் பூவையும் காயையும் கண்டவுடன் கிள்ளிவிடலாம்.

கேள்வி: மிளகாய்ச் செடியில் உள்ளே வெளிச்சம் போவதற்காகப் பெரிய இலைகளையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார் நண்பர். எடுக்கலாமா? (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

பதில்: வேண்டாம். இலைதான் செடியின் அடுக்களை. மேலே சொன்ன சர்க்கரை அங்கேதான் தயாராகிறது. மஞ்சளானது, புழு தின்றது, மண்ணைத் தொடுவது ஆகிய மூன்றையும் எடுத்தால் போதும். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுவது வேறு, அது நல்லது. சில நாட்கள் தாமதமாகக் காய்த்தாலும் செடி அகலமாகி, காற்றுக்குச் சாயாமல் நிற்கும். இலைச் சுருட்டை வந்த நுனியைக் கிள்ளினால் நோய் போய்விடும் என்று எண்ண வேண்டாம். சுருட்டைக்குக் காரணமான இலைப்பேனும் சிலந்திப்பேனும் அடுத்த தளிருக்குப் போய்விடும்.

சாமந்தி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அதற்கு நட்ட நான்காவது வாரத்தில் நுனி கிள்ளினால் போதும், இலையைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: பெரிய தொட்டியில் ஒட்டு மா வைத்திருக்கிறேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் கிளைகள் போய்விட்டன. மல்லிகையோடு சேர்த்து இதையும் இந்த மாதமே கவாத்து செய்துவிடலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: கூடாது. மா, மல்லிகைக்கு நேர் எதிர். அது பூங்கொத்தை வைப்பது ஏற்கெனவே முதிர்ந்து ஓய்ந்திருக்கும் கிளைகளின் நுனியில். இப்போது கரும்பச்சை இலைகளோடு சும்மா நிற்பதுபோல் தெரியும் அந்த நுனிகளில்தான் மார்கழி, தை மாதங்களில் பூ வரப்போகிறது. இந்த மாதம் வெட்டினால் பூவுக்குப் பதிலாகச் செந்தளிர் வரும். அது முற்றிப் பூக்கும் தகுதி பெறுவதற்குள் பருவம் கடந்துவிடும். காய்ந்த குச்சிகளையும், ஒட்டுக்குக் கீழிருந்து வருவதையும் மட்டும் இப்போது எடுங்கள். மற்றதைக் கோடையில் காய் பறித்து முடித்தவுடன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெட்டிக்கொள்ளலாம். சுவருக்கு மேல் போன கிளைகளை ஒரு கணுக்கூட்டத்துக்குக் கீழே வெட்டி, வெட்டுவாயிலிருந்து கொத்தாக வரும் தளிர்களில் வெளிப்பக்கம் போகும் இரண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். வெட்டும்போது வடியும் பால் கண்ணிலோ தோலிலோ பட்டால் புண்ணாகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.